ஹெட்லைட் பல்பு மாற்றும் முன்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், மன்னார்குடியைச் சுற்றி இரவில் கார் ஓட்டுவது எளிதில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு லாரி அகலத்துக்குத் தார். அதிலும் பாதியில் நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். மூட்டை ஏற்றிய டிரெய்லரின் பின்னால் பல சமயம் சிவப்பு விளக்கு இருக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அந்த டிரெய்லர் ஒரு நொடி முன்னாலேயே கண்ணில் படுமா என்பது ஹெட்லைட்டைப் பொறுத்தது.

நான் இங்கே கார், டிராக்டர் வயரிங் வேலை பார்க்கிறவன். இந்த மாதங்களில் கடைக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே, "அண்ணே, நல்ல பவரா ஒரு பல்பு போட்டுவிடுங்க" என்பார்கள். பல்பு போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் மங்கலாக எரிகிறது என்று வரும் பல வண்டிகளில் பல்பின் மேல் குற்றமே இருக்காது. எர்த் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), கப்ளர் (பல்பின் காலில் மாட்டும் பிளக்), மஞ்சளித்த கண்ணாடி, சரிந்துபோன கோணம் என்று வேறெங்காவது இருக்கும். அதைப் பார்க்காமல் வாட்ஸ் ஏற்றினால் காசும் போகும், வயரும் கருகும், எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும். உங்கள் வண்டியில் என்ன அறிகுறி என்று பார்த்துவிட்டு அந்தப் பகுதிக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: உங்கள் வண்டிக்கு என்ன பல்பு?

வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் பழைய பல்பைக் கழற்றி, அடியில் உள்ள உலோக வளையத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். நம் பக்கம் ஓடும் பழைய ஆல்டோ, வேகன் ஆர், பொலேரோ போன்றவற்றில் பெரும்பாலும் எச் 4. மூன்று தகட்டுக் கால், ஒரே பல்புக்குள் இரண்டு இழை, ஹை பீமுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். ஹை பீமுக்கும் டிம்முக்கும் தனித்தனி பல்பு உள்ள வண்டிகளில் எச் 7, எச் 1, எச் 11, எச்பி 3 என்று வரும்.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. டூ வீலருக்கான எச்எஸ் 1 பல்பு பார்க்க எச் 4 மாதிரியே இருக்கும், ஆனால் 35/35 வாட்ஸ்தான். அதேபோல எச் 8, எச் 9, எச் 11 மூன்றும் ஒரே குடும்பம். வாட்ஸ் மட்டும் 35, 65, 55 என்று மாறும். கடையில் "இதுவும் உக்காரும்" என்று சொன்னால் வாங்காதீர்கள். ஹோல்டரில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. இழை இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ரிஃப்ளெக்டர் அந்த வெளிச்சத்தை வேறெங்கோ அனுப்பிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை

இடது பக்கப் பல்பைக் கழற்றி வலதில் போடுங்கள், வலதை இடதில். எரியாத பக்கமும் பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்பு போய்விட்டது. அதே பக்கம் இருட்டாகவே இருந்தால் ஃபியூஸ், கப்ளர், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். நிறைய வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும்.

எச் 4-ல் ஹை பீம் எரிந்து டிம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் டிம் இழை அறுந்திருக்கும். அதிக நேரம் எரிவது அதுதானே. பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சின்ன உலோகக் கிண்ணத்துக்குள் இருக்கும் இழை இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே நாளில் போட்ட ஜோடி, ஒரே அளவு ஓடியிருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்றும் வெகுநாள் தாங்காது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய்விட்டது

இரண்டு பல்பும் ஒரே நொடியில் அறுவது அபூர்வம். ரிலே (சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள லைட் ஸ்விட்ச், பொது ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள். ஹார்ன் ரிலேயும் ஹெட்லைட் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும் வண்டிகளில் இரண்டையும் மாற்றிப் போட்டால் ரிலேயின் யோக்கியதை உடனே தெரிந்துவிடும். இன்னொன்றும் நடக்கும்: ஒரு பல்பு போன மாதமே போயிருக்கும், டவுனுக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இப்போது இரண்டாவதும் போனபிறகுதான் தெரிகிறது.

எரிகிறது, ஆனால் மங்கல்

கடைக்கு அதிகம் வரும் புகார் இதுதான். பலர் தவறான மருந்து வாங்குவதும் இதற்குத்தான்.

முதலில் கண்ணாடி. இப்போதைய ஹெட்லைட் முகப்பு கண்ணாடியல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் நிற்க நிற்க மேல் பூச்சு போய் மஞ்சளித்து, மோர் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அதன் பின்னால் எந்தப் பல்பைப் போட்டாலும் பயனில்லை. 800 நம்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று வரவர நைசான வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீரோடு தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலைத் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். அந்தப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். பற்பசையில் தேய்ப்பது கல்யாணத்துக்குப் போகும் ஒரு நாளுக்குச் சரி, அதற்கு மேல் நிற்காது.

கண்ணாடி சுத்தமாக இருந்தும் மங்கலாக இருந்தால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். நீடாமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய வேகன் ஆரில் வந்தார். "தம்பி, 100 வாட்ஸ் பல்பு மாத்தி ஒரு மாசந்தான் ஆச்சு, முன்ன இருந்ததைவிட மங்கலாத் தெரியுது" என்றார். பின்பக்க ரப்பரை விலக்கியதுமே கருகின பிளாஸ்டிக் வாடை வந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய கப்ளர் வெல்லப்பாகு நிறத்துக்கு மாறி, ஒரு மூலை உருகிச் சரிந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடு ஊதா நிறமாகி, பிடிமானம் இல்லாமல் அகன்று நின்றது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பின் காலில் 11.9.

இந்த இரண்டு வோல்ட் சின்ன விஷயமில்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்கணக்கில் குறையாது, அதைவிட வேகமாகச் சரியும். 13.2 வோல்ட்டில் கிடைக்கும் வெளிச்சம் 11.9-ல் ஏறத்தாழ 70 சதவீதம்தான். போகிற வழியில் தொலையும் அந்த வோல்ட் வயரிலும் கப்ளரிலும் சூடாக மாறுகிறது. 60 வாட்ஸுக்கு 5 ஆம்பியர் ஓடும் வயரில் 100 வாட்ஸ் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும், அந்த வயரில் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். சாருடைய கப்ளர் கருகியது அதனால்தான். கப்ளர் கருகக் கருகத் தடை கூடியது, தடை கூடக் கூட வெளிச்சம் குறைந்தது.

பீங்கான் கப்ளர் இரண்டு, பேட்டரித் தட்டுக்குக் கீழே துருப்பிடித்திருந்த எர்த் திருகைக் கழற்றி வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்தது, மறுபடி 60/55 பல்பு. அவ்வளவுதான். பல்பின் காலில் 13.5 வோல்ட் வந்தது. இரவு வடுவூர் வரை போய்விட்டு வந்து, "இதே பல்புதானே முதல்ல இருந்துச்சு?" என்று கேட்டார். அதேதான்.

நீங்களே அளக்க: எஞ்சினை ஓட விட்டு, டிம்மைப் போட்டு, கப்ளர் பல்பில் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமாக மீட்டரின் ஊசியை நுழைத்து டிம் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே அளவெடுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் சுமை இல்லாததால் முழு வோல்ட் காட்டும், பழுது ஒளிந்துகொள்ளும். பிறகு பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் காலுக்கும் நடுவே அளங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதேபோல பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸ் காலுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர், ஸ்விட்ச், ரிலே பக்கம் தேடுங்கள். சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கம் இருக்கும், அதனால் எந்தக் கால் எது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்கு எர்த்தை முதலிலேயே பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்து, வயரின் தோலுக்குள்ளேயே அரித்துப் போகும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், இழுத்தால் கையோடு வரும்.

வயர் மெல்லியதாக இருந்தால் ரிலே போட்ட தனி வயரிங் செட் மாட்டலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் காலுக்கு, 87 எண் காலிலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் 85, 86-ல் ரிலேயை இழுக்கும் வேலையை மட்டும் செய்யும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பல்பு அடிக்கடி போகிறது

செத்த பல்பைத் தூக்கி எறியாதீர்கள். அது காரணம் சொல்லும்.

பல்பின் கண்ணாடிக்குள் பால் வெள்ளையாகப் படிந்திருந்தால் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. சீல் விட்டிருக்கும், அல்லது கண்ணில் படாத கீறல். கறுப்பாக, வெள்ளிப் பூச்சுப் போலப் படிந்திருந்தால் வயதாகிவிட்டது, அல்லது வோல்டேஜ் அதிகம். எஞ்சினை முறுக்கி பேட்டரியில் அளங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 15-ஐத் தொட்டால் டைனமோவின் ரெகுலேட்டரை (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) மாற்றாமல் பல்பு வாங்குவது வீண். 5 சதவீதம் வோல்ட் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கண்ணாடி சுத்தமாக, இழை மட்டும் அறுந்திருந்தால் அதிர்வு. குண்டும் குழியுமான ஆற்றங்கரைச் சாலையில் தினமும் ஓடும் வண்டிகளில் சகஜம். ஆனால் பல்பைப் பிடிக்கும் கம்பி கிளிப் தளர்ந்திருக்கிறதா, ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் காது உடைந்து முழு செட்டும் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

கண்ணாடியில் ஒரு இடத்தில் மட்டும் கொப்புளம் மாதிரி புடைத்திருந்தால் விரல் பட்டிருக்கிறது. ஹாலஜன் பல்பின் கண்ணாடி குவார்ட்ஸ், நூற்றுக்கணக்கான டிகிரியில் வேலை செய்கிறது. விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் கூடுதலாகச் சூடேறிப் பலவீனமாகும். ஒரு பல்பில் கட்டைவிரல் ரேகை அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அடியில் உள்ள உலோகத்தை மட்டும் பிடியுங்கள். தொட்டுவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.

பெட்டியில் "+100", "+130" என்று போட்ட பல்புகளும் சீக்கிரம் போகும். அது பழுதில்லை. இழையை மெல்லியதாக்கி அதிகச் சூட்டில் எரிய வைப்பதால் வெளிச்சம் கூடுகிறது, ஆயுள் குறைகிறது. அந்த எண்ணும் சாலையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் கூடும் வெளிச்சத்தைச் சொல்வது, மொத்தமும் இரண்டு மடங்காகிவிடும் என்று அர்த்தமில்லை.

வெள்ளையாக எரிகிறது, மழையிலும் பனியிலும் சாலை தெரியவில்லை

நீலப் பூச்சு பூசிய ஹாலஜன் பல்பாக இருக்கும். சாதாரண ஹாலஜனின் நிறம் 3200 கெல்வின் அளவு (ஒளியின் நிறத்தை அளக்கும் கணக்கு, எண் கூடக் கூட மஞ்சள் குறைந்து வெள்ளையாகும்). அதை வெள்ளையாகக் காட்ட நீலம் பூசினால் அந்தப் பூச்சு மஞ்சள், சிவப்பு ஒளியைத் தடுத்துவிடுகிறது. வெளியே வரும் மொத்த வெளிச்சம் குறையும். காய்ந்த சாலையில் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஐப்பசி மழையில் நனைந்த தார் அதை விழுங்கிவிடும். மார்கழி விடியலில் வயல்மேல் பனி இறங்கும்போது ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்மில் வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

நெல் வயல் பக்கம் இன்னொரு தொல்லை பூச்சி. புகையான், தத்துப்பூச்சி எல்லாம் விளக்கைத் தேடி வருபவை. வயலில் விளக்குப்பொறி வைப்பதே அதனால்தான். நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை அதிகம் இழுக்கும், மஞ்சள் குறைவாக. திருவாரூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓட்டினால் முகப்பில் பூச்சிக் கூழ் ஒட்டிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும். ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் விழும்.

எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

டிம்மில் ஓட்டியும் எதிரே வருகிறவர் இரண்டு தடவை அடித்துக் காட்டினால் உங்கள் வெளிச்சம் அவர் கண்ணில் விழுகிறது. திருவையாறு பக்கம் ஆற்றங்கரைச் சாலையில் கண் கூசியவர் ஒதுங்க நினைத்தால் ஒதுங்குவது ஆற்றுக்குள். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, 8 மீட்டர் முன்னால் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது.

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பல்பு ஹோல்டரில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று காதும் பள்ளத்தில் விழுந்து கிளிப் மூடியதா என்று பாருங்கள். இரண்டு, டிக்கியில் நெல் மூட்டை ஏற்றியதால் முன்பக்கம் தூக்கியிருக்கிறது. டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இதற்காகத்தான், சுமை கூடினால் எண்ணைக் கூட்டுங்கள். இறக்கியபிறகு 0-க்குக் கொண்டுவர மறந்தால், வெளிச்சம் பானெட்டுக்கு முன்னாலேயே விழுந்து "லைட் தூரம் போகல" என்ற புகார் வரும். மூன்று, கோணமே தவறு.

கோணத்தைச் சுவரில் பார்த்துவிடலாம். சமதளம் வேண்டும். நெல் காயவைக்கும் களத்தில் மழைநீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள், அது சரிப்படாது. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், சக்கரம் 0-ல். சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடு, அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். ஹெட்லைட்டின் மேல் 1.2% என்று அச்சிட்டிருந்தால் 6 சென்டிமீட்டர். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் விளிம்பு வலப்பக்கம் தட்டையாக இருந்து, இடப்பக்கம் மேலே ஏறும். சாலையோரம் நடப்பவரையும் மைல்கல்லையும் காட்டுவது அந்த ஏற்றம்தான்.

எல்இடி பல்பு போட்டபிறகு வந்த தொல்லைகள்

ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பை மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எச் 4-ன் டிம் இழைக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது, அதனால் ஒளி ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் போய்க் கீழே திரும்பும். எல்இடியில் சில்லு அதே இடத்தில், அதே அளவில் அமைந்தால்தான் இது நடக்கும். பெரும்பாலானவற்றில் அமைவதில்லை. முன்னால் பத்தடிக்கு வெண்மையாகக் கொட்டும், தூரத்தில் இருக்க வேண்டிய வெளிச்சம் எதிராளியின் முகத்தில் விழும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள், விட்டுவிட்டு எரிகிறது என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் பல்பைச் சோதிக்க அனுப்பும் துடிப்பு மின்சாரம் காரணமாக இருக்கலாம். அந்தத் துடிப்பைச் சமன்செய்ய டீகோடர் என்ற சின்னப் பெட்டி விற்கிறது. அரை மணி நேரம் எரிந்தபின் மங்கினால் சூடு. பின்னால் இருக்கும் சின்ன விசிறியைப் பாருங்கள், அறுவடைக் காலத்து வைக்கோல் தூசும் உமியும் அதில் அடைத்து விசிறி நின்றிருக்கும்.

தொழிற்சாலையிலேயே எல்இடியாக வந்த ஹெட்லைட் வேறு. அதன் ஒளியியலே எல்இடிக்காகச் செய்தது. பலவற்றில் தனியாக மாற்றப் பல்பு இருக்காது.

உள்ளே தண்ணீர் முத்து

மழைக்குப்பின் மெல்லிய ஆவி படிந்து, லைட் போட்ட அரை மணியில் மறைந்தால் பயமில்லை. காற்று போய்வர ஓட்டை வைத்திருக்கிறார்கள். அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் சீல் போயிருக்கிறது, அல்லது பல்பு மாற்றியவர் பின்பக்க ரப்பரைச் சரியாகப் பொருத்தவில்லை. சூடான பல்பில் ஒரு சொட்டு விழுந்தாலே கண்ணாடி வெடிக்கலாம். முதலில் தண்ணீர் புகும் வழியை அடையுங்கள், புதுப் பல்பு அதற்குப் பிறகு.

கடைசியில், வாங்கும்போது

கையேட்டில் உள்ள அதே வகை, அதே வாட்ஸ், பூச்சில்லாத தெளிந்த கண்ணாடி. உலோக வளையத்தில் வகையும் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் (தர அங்கீகார முத்திரை) தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அச்சு விரலில் அழிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சாதாரணப் பல்புக்கு விலை சில நூறு ரூபாய்தான்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப்பின் நாள்கணக்கில் ஊர்களெல்லாம் இருட்டில் கிடந்தன. தெருவிளக்கு இல்லாத அந்த இரவுகளில் ஒரு பல்பு போய் வழியில் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்தேன். ஜோடியாக மாற்றும்போது பழையதில் நல்லதாக இருக்கும் ஒன்றைப் புதுப் பெட்டியில் போட்டு, துணி சுற்றி, இரண்டு 10 ஆம்பியர், இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸோடு டேஷ்போர்டுக்குள் வையுங்கள்.